கேளுங்க, அக்கா சொல்றேன்: கடையில கிடைக்காத புக்கெல்லாம் எங்க இருக்கு?

போன இதழ்ல கடைசி வரியா, சின்ன பதிப்பகத்து புக்கு, சொந்தக் காசுல போட்ட புக்கு பத்தி எதாவது கேட்கணும்னா கேளுங்கன்னு எழுதியிருந்தேன். இத்தனை பேரு கேட்பீங்கன்னு நினைக்கல. ஒரே மாதிரி வந்த கேள்விய எல்லாம் சேர்த்து ஒன்னாக்கிட்டேன், உங்க கேள்வி அப்படியே வரலன்னு கோவிச்சுக்காதீங்க.

செந்தூல் வாசகர்: அக்கா, எனக்குப் படிக்கிற பழக்கம் நல்லாவே இருக்கு, ஆனா படிச்சதெல்லாம் தமிழ்நாட்டுலேர்ந்து வர்ற பெரிய பேரு உள்ளவங்க புக்குதான். மஸ்ஜிட் இந்தியா பக்கம் போனா பஞ்சாங்கம், சமையல், யூ.பி.எஸ்.ஆர். (ஆறாம் வகுப்பு பரீட்சை) காலத்து பயிற்சி புக்கு, ஓரமா கொஞ்சம் நாவல். நம்ம நாட்டு ஆளுங்க எழுதுனது எங்க இருக்கு? எழுதுறாங்களா இல்லையா?

எழுதுறாங்க தம்பி, நூறு வருஷத்துக்கு மேல எழுதுறாங்க. 1917-ல க. வெங்கடரத்தினம் எழுதுன 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'தான் இங்க வந்த முதல் தமிழ் நாவல்னு இலக்கிய வரலாறு எழுதுறவங்க சொல்வாங்க, அப்புறம் 1930-ல வே. சின்னையாவோட 'நவரச கதாமஞ்சரி' சிறுகதைத் தொகுப்பு. அதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் நிக்கல. ஆனா எழுதுன புக்கு உங்க கைக்கு வர்ற வழிதான் இங்க ரொம்ப விசித்திரமானது.

எப்படின்னா, எழுத்தாளரு சொந்தக் காசு போட்டு சில நூறு காப்பி அடிப்பாரு, பாதி பேரு சென்னைல அடிச்சு கப்பல்ல வரவழைப்பாங்க. அப்புறம் வெளியீட்டு விழா. கே.எல்.னா விஸ்மா துன் சம்பந்தன்ல டான்ஸ்ரீ சோமா அரங்கம், வெளியூர்னா கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி மண்டபமோ. டத்தோ ஒருத்தரு வந்து முதல் நூல் வாங்கிக்குவாரு, அவரு பின்னால வரிசையா ஆளுங்க கவர்ல காச வச்சுக் குடுத்து புக்கு வாங்கிட்டு எழுத்தாளர் கூட போட்டோ புடிச்சிட்டு மீகூன் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. அந்த ஒரு நாள்லதான் அச்சுக்கூலி திரும்பி வரணும். வராத மிச்சம் பெட்டி பெட்டியா எழுத்தாளர் வீட்டு மாடிப்படிக்குக் கீழ தூங்கும். கடைக்காரருக்குக் குடுத்தா கமிஷன் போக மிச்சம் எப்ப வரும்னு தெரியாது, அதனால பல பேரு கடைப்பக்கமே போறதில்ல. நீங்க கடையில தேடுனா எப்படி கிடைக்கும் சொல்லுங்க.

அதனால கடைக்குப் போகாதீங்கன்னு சொல்லல, ஜெயபக்தியிலயும் உமா பதிப்பகத்துலயும் உள்நாட்டு புக்கு இருக்கும், கேட்டு வாங்கணும், வாசல்ல அடுக்கி வச்சிருக்க மாட்டாங்க. ஆனா அதவிட நல்ல வழி ஞாயித்துக்கிழமை மக்கள் ஓசை, மலேசிய நண்பன்ல வர்ற வெளியீட்டு அறிவிப்பப் பாத்து நேராப் போயிடுறது. அழைப்பிதழ் எல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க. கவர் குடுக்கணும்னு ஒரு கட்டாயமும் இல்ல தம்பி, புக்கு விலை முப்பது வெள்ளின்னா முப்பது வெள்ளியக் குடுத்துட்டு வாங்கிட்டு வரலாம், மேடைக்கே ஏற வேணாம், வாசல் மேசைலயே வாங்கிக்கலாம்.

இன்னொன்னு, எந்த உள்நாட்டு புக்கு கைல கிடைச்சாலும் உள்பக்கம் திருப்பி, அச்சு விவரம் போட்ட பக்கத்தப் பாருங்க. பாதி புக்குல எழுத்தாளரோட போன் நம்பரே இருக்கும், அதே பக்கத்துலயோ பின்னட்டையிலயோ அவரு எழுதுன மத்த புக்கு பட்டியலும் இருக்கும். மெசேஜ் போடுங்க, காச பேங்க்-இன் பண்ணி ரிசிட்ட அனுப்புனா போஸ் லாஜுல வந்துரும், பாதி நேரம் கையெழுத்தும் போட்டு, கேட்காத இன்னொரு புக்கையும் சேத்து அனுப்புவாங்க. பத்து வருஷமா யாருமே கேட்காத புக்க ஒருத்தன் கேட்டா எந்த எழுத்தாளருக்கும் அது தீபாவளிதான்.

இதுவும் முடியலன்னா ஜாலான் துன் ரசாக்ல தேசிய நூலகம் இருக்கு. 1986 சட்டப்படி இங்க அச்சாகுற புக்குல அஞ்சு காப்பி அங்க குடுத்தாகணும், தமிழ் புக்குக்கும் அதே சட்டந்தான். எல்லாரும் ஒழுங்கா குடுத்தாங்களாங்கறது வேற கதை.

கடைசியா ஒரு இடம், யாரும் நினைச்சுப் பாக்காத இடம், உங்க பெரியப்பா வீட்டு அலமாரி. விழாவுக்கு விழா போயி கவர் குடுத்து வாங்குன புக்கெல்லாம் பிளாஸ்டிக் கூட பிரிக்காம அங்கதான் இருக்கு.

பட்டர்வொர்த் வாசகி: அக்கா, எனக்குக் கதைன்னா உசுரு. வீட்டுக்காரருக்கு வரலாறு மட்டும்தான், கதைன்னா பொய்யின்னு சொல்வாரு. மாமியாருக்கு யாராவது தன் வாழ்க்கைய எழுதியிருந்தா பிடிக்கும். மூணு பேரும் ஒரே வீட்டுல வேற வேற உலகத்துல இருக்கோம். மூணு பேருக்கும் ஒத்து வர்ற மாதிரி நம்ம ஊரு புக்கா சொல்லுங்க.

இந்த மாசத்துல வந்த கேள்விலயே எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான் தங்கச்சி, கொஞ்சம் நீட்டியே சொல்றேன், எடிட்டர் கத்துனா கத்தட்டும்.

மூணு பேருக்கும் மூணு பட்டியல் போடாதீங்க. ஒரே ஒரு சம்பவத்த எடுத்துக்குங்க, அதப்பத்தி கதை ஒன்னு, வாழ்க்கைக் குறிப்பு ஒன்னு, வரலாறு ஒன்னு வாங்கி ஆளுக்கு ஒன்னா பிரிச்சுக் குடுங்க. ராத்திரி சாப்பாட்டு மேசைல சண்டை தானா வரும், புக்கும் தானா கை மாறும்.

சயாம் ரயிலயே எடுத்துக்குவோம், ரெண்டாம் உலகப்போர் காலத்துல ஜப்பான்காரன் கட்டாய வேலை வாங்கிப் போட்டது, நம்ம பெரியவங்க சயாம் மரண ரயில்னு சொல்ற அதே ரயிலு. உங்க வீட்டுக்காரருக்கு வேண்டிய கணக்கு இது: தாய்லாந்துல பான்போங்லேர்ந்து பர்மால தான்பியூசாயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர், 1942-ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல தண்டவாளத்த இணைச்சுட்டாங்க. வேலை செஞ்ச வெள்ளைக்கார போர்க்கைதிங்க ஏறக்குறைய 60,000 பேரு, அதுல 12,000 பேருக்கு மேல செத்தாங்க. ஆசியத் தொழிலாளிங்க இதவிட மூணு மடங்குக்கு மேல, அதுல மலாயா தோட்டங்கள்லேர்ந்து அள்ளிட்டுப் போன நம்ம தமிழாளுங்களும் ஒரு பெரிய கூட்டம். ஆசியத் தொழிலாளிங்க எத்தனை பேரு செத்தாங்கன்னு கேட்டா 80,000-லேர்ந்து 1,00,000 வரைக்கும்னு ஒரு மதிப்பு சொல்றாங்க. இந்த இடத்துல உங்க வீட்டுக்காரர நிறுத்திக் கேளுங்க, ஏன் அங்க மட்டும் கணக்கு இப்படி இழுக்குதுன்னு. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்துல கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிங்களுக்குக் கல்லு நட்டு, பேரு தெரிஞ்சவங்களுக்குப் பேரு, ரெஜிமென்ட் எல்லாம் செதுக்கி வச்சிருக்காங்க, புல்ல வெட்டி அழகா வச்சிருக்காங்க. நம்மாளுக்கு ஆளுக்கொரு பேரு போட்ட கல்லும் கிடையாது, பேரேடும் கிடையாது. காலரால செத்தா குழி, அவ்வளவுதான். உலகமே கைதட்டுன 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' இங்கிலீஷ் படத்துல கூட நம்மாள தேடித்தான் பாக்கணும்.

பேரேடே இல்லாத இடத்துல வரலாறு எழுதுறவன் எதவச்சு எழுதுவான்? இங்கதான் நீங்க படிக்கிற 'பொய்'க்கு வேலை வருது. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்'னே ஒரு நாவல் எழுதியிருக்காரு. அ. ரெங்கசாமி எழுதுனது 'நினைவுச்சின்னம்', 2005-ல வந்தது. ரெங்கசாமி ஐயா ஜப்பான்காரன் காலத்துல சின்னப் பையனா இருந்தவரு, அந்தப் பயம், அந்த மரவள்ளிக்கிழங்கு எல்லாம் அவருக்குக் கேள்விப்பட்டு எழுத வேண்டிய விஷயமில்ல. ரெண்டுல எது ஒசத்தின்னு கேட்டா எனக்கு 'நினைவுச்சின்னம்'தான் ஒரு படி மேல, ஆனா நீங்க முதல்ல சண்முகத்த படிங்க, வேகமா ஓடும். வீட்டுக்காரருக்கு சீ. அருண் எழுதுன சயாம்-பர்மா ரயில் பாதை புக்கு. வெளிநாட்டு ஆய்வாளருங்க எழுதுனதெல்லாம் பெரும்பாலும் போர்க்கைதி பக்கம் நின்னு எழுதுனது, இது நம்ம பக்கம் நின்னு எழுதுனது.

மாமியாருக்கு முத்தம்மாள் பழனிசாமியோட 'நாடு விட்டு நாடு'. இது ரயில் பத்தின புக்கு இல்ல, ஆனா கொங்கு நாட்டுலேர்ந்து வந்த ஒரு குடும்பம் பேராக்குல வேரு புடிச்ச கதை, எழுதுனவங்க டீச்சரா இருந்தவங்க. முதல்ல இங்கிலீஷ்ல 'ஃப்ரம் ஷோர் டு ஷோர்'னு எழுதி அப்புறம் தமிழ்ல வந்துச்சு. அரசியல்வாதி தன் வரலாறு எழுதுனா பதவிப் பட்டியலா இருக்கும், ஒரு பொம்பள எழுதுனா வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு இருக்கும், அந்த வித்தியாசம் இந்தப் புக்குல நல்லாத் தெரியும். அவங்களே தோட்டத்துப் பாட்டெல்லாம் சேத்து 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்'னு இன்னொன்னும் போட்டிருக்காங்க. தாலாட்டும் ஒப்பாரியும் தெரிஞ்ச மாமியாரா இருந்தா அதையே முதல்ல குடுங்க, படிக்க மாட்டாங்க, பாடுவாங்க.

இது முடிஞ்சா அடுத்து உங்க வீட்டுக்கு எதிர்க்கரை. ஃபெரில ஏறுனா பினாங்கு, ப. சிங்காரத்தோட 'புயலிலே ஒரு தோணி' நடக்குற இடம். அவரு சிங்கம்புணரிக்காரரு, வாலிப வயசுல மேடான்ல வேலை பாத்தவரு, ரெண்டே ரெண்டு நாவல்தான் எழுதுனாரு, இது 1972-ல அச்சாச்சு, அப்ப யாரும் பெருசா கண்டுக்கல. இன்னிக்கு தமிழ்ல வந்த பெரிய நாவல்ல ஒன்னுன்னு கொண்டாடுறாங்க. மொழி கொஞ்சம் கடிக்கும், பாதி இடத்துல மலாய், டச்சு எல்லாம் கலந்து வரும், தமிழ்நாட்டு வாசகரவிட நமக்குத்தான் ஈசி. அதுகூட வரலாறுக்கு கூ சல்மா நசுத்தியோனோட 'தி சூலியா இன் பினாங்', 2014, 1786-லேர்ந்து 1957 வரைக்கும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலச் சுத்தி தமிழ் முஸ்லிம் ஆளுங்க எப்படி ஒரு ஊரையே கட்டுனாங்கன்னு. இங்கிலீஷ் புக்கு, தடிமனான புக்கு, விலையும் கடிக்கும், ஆனா படத்துக்காகவே வாங்கலாம். அத வச்சுக்கிட்டு பினாங்கு ஸ்திரீட்லேர்ந்து சூலியா ஸ்திரீட் வரைக்கும் நடந்து பாருங்க.

வீட்டுக்காரரு ராஜா காலத்து வரலாறுதான் வரலாறுன்னு அடம் புடிச்சாருன்னா டாக்டர் வீ. நடராஜனோட 'சோழன் வென்ற கடாரம்' குடுத்துட்டு ஒரு சனிக்கிழமை காடிய எடுத்துக்கிட்டு மெர்போக் மியூசியத்துக்குப் போயிட்டு வாங்க, உங்க ஊருலேர்ந்து பக்கம்தான். பூஜாங் பள்ளத்தாக்குல சண்டி 11-ன்னு ஒரு பழங்காலத்துக் கோயில் சிதிலம் இருந்துச்சு, 2013-ல வீடு கட்ட நிலத்த சுத்தம் பண்றப்ப இடிச்சுத் தள்ளிட்டாங்க. இடம் போனாலும் புக்குல இருக்கட்டும்னுதான் இந்த மாதிரி ஆளுங்க ரிட்டையர் ஆகுற வயசுல உக்காந்து எழுதுறாங்க.

இன்னும் ஒன்னே ஒன்னு சொல்லிடறேன், ஐ.என்.ஏ., அதான் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம், அந்தப் பக்கம் போனீங்கன்னா ரெங்கசாமி ஐயாவோட 'இமயத் தியாகம்' நாவல், ஜான்சி ராணி படைல இருந்த ரசம்மா பூபாலன் பத்தி அருணா கோபிநாத் எழுதுன வாழ்க்கை வரலாறு, ரெண்டையும் சேத்து வாங்கலாம். ஆம்பள நடந்த இம்பால் வேற, பொம்பள நடந்த பர்மா வேற.

பூச்சோங் வாசகி: சொந்தமா போடுற புக்குல பாதி குப்பையா இருக்கே அக்கா? காச குடுத்து ஏமாந்துட்டேன்.

பாதின்னு சொன்னது உங்க நல்ல மனசு.

வாங்குறதுக்கு முன்னாடி முதல் இருபது பக்கத்தத் தாண்டிடுங்க, அது பூரா டான்ஸ்ரீ வாழ்த்துரை, டத்தோ வாழ்த்துரை, சங்கத் தலைவர் அணிந்துரை, அவங்க யாரும் புக்கப் படிச்சிருக்க மாட்டாங்க. நடுவுல எங்கயாவது பிரிச்சு ரெண்டு பக்கம் நின்னுக்கிட்டே படிங்க. எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிடுங்க, நம்ம நாட்டுல ப்ரூஃப் பாக்குற ஆளு கிடைக்கிறதே கஷ்டம். ஆனா ரெண்டு பக்கத்துல ஒரு ஆளு, ஒரு இடம், ஒரு வேலை கண்ணுக்குத் தெரியலன்னா கீழ வச்சிடுங்க.

வாழ்க்கைக் கதைக்கு என்னோட சோதனை வேற. தோட்டத்துல பொறந்தேன்னு எழுதியிருந்தா, காலைல பெரட்டுக்கு, அதான் வேலைக்கு முன்னாடி ஆளுங்கள கூப்பிட்டு கணக்கெடுக்கிறதுக்கு, எத்தனை மணிக்கு மணி அடிச்சாங்க, பால் வெட்டப் போன அம்மா கைக்குழந்தைய ஆயாக் கொட்டாய்ல விட்டுட்டுப் போறப்ப என்ன குடுத்துட்டுப் போனாங்க, கணக்கு எழுதுற கிராணி கணக்குல எப்படி அடிச்சாரு, லயத்துல எத்தனை வீட்டுக்கு ஒரு தண்ணிக் குழாய்னு எங்கயாவது இருக்கான்னு பாப்பேன். இருந்தா நடை சுமாரா இருந்தாலும் வாங்கிடுவேன், அது வேற யாராலயும் எழுத முடியாது. அதுக்குப் பதிலா எந்த வருஷம் எந்தச் சங்கத்துக்குப் பொருளாளர், எந்த மந்திரி கூட போட்டோன்னு போச்சுன்னா அத அவங்க பேரப்பிள்ளைங்க படிக்கட்டும்.

பாங்சார் வாசகர், காலேஜ் மாணவர்: அக்கா, எனக்குத் தமிழ் வாசிக்க மெதுவாத்தான் வரும். இங்கிலீஷ், மலாய்ல நம்மள பத்தி சின்ன பதிப்பகத்துலேர்ந்து எதாவது?

தாராளமா தம்பி, இதுக்கெல்லாம் கூச்சப்படாதீங்க. கே.எஸ். மணியத்தோட 'தி ரிட்டர்ன்'லேர்ந்து ஆரம்பிங்க, 1981-ல வந்தது, கெடா பக்கத்துல ஒரு தமிழ்க் குடும்பம், இங்கிலீஷ் ஸ்கூல், வீட்டுல பேசுற பாஷை ஒன்னு ஸ்கூல்ல அடிக்கிற பாஷை ஒன்னுன்னு கிழிபட்டுக்கிட்டு வளர்ற பையன். சின்ன புக்கு, ரெண்டு நாள்ல முடிச்சிடலாம். அவரு 2020-ல இறந்துட்டாரு, அப்ப எத்தனை தமிழ்ப் பத்திரிகைல செய்தி வந்துச்சுன்னு கேட்காதீங்க, எனக்குக் கோவம் வரும்.

மலாய்ல உதயசங்கர் எஸ்.பி., தைப்பிங்காரரு, கவ்யான்னு ஒரு எழுத்தாளர் குழுவே இருக்கு, இந்தியருங்க மலாய்ல எழுதுறவங்க. அப்புறம் அமீர் முகமது 2011-ல ஆரம்பிச்ச புக்கு ஃபிக்ஸி பதிப்பகம், பேயும் கொலையும் திருட்டுமா போகும், மொழி ரோட்டுல பேசுற மலாய்தான், பரீட்சை மலாய் இல்ல. வரலாறுக்குப் பெட்டாலிங் ஜெயா கெராக்புடாயா, அவங்களுக்கு ஜார்ஜ்டவுன்லயும் கடை இருக்கு, போறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டு திறந்திருக்கான்னு கேட்டுக்குங்க. அங்க ஆக்னஸ் கூ தொகுத்த 'லைஃப் ஆஸ் தி ரிவர் ஃபுளோஸ்' கேளுங்க, காட்டுக்குள்ள போயி சண்டை போட்ட பொம்பளைங்க தன் வாயால சொன்ன கதை. ஸ்கூல் வரலாறு புக்குல 'கம்யூனிஸ்ட் பயங்கரவாதி'ன்னு ஒரு வரில தாண்டிப் போனத இவங்க பேசக் கேட்டா தலை சுத்தும். அத முடிச்சிட்டு 1949 மே 4-ஆம் தேதி புடு ஜெயில்ல தூக்குல போட்ட தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி யாருன்னு தேடிப் பாருங்க, நம்ம ஆளு.

நவம்பர் மாசம் பினாங்குல ஜார்ஜ்டவுன் இலக்கிய விழா நடக்கும், 2011-லேர்ந்து நடத்துறாங்க, முடிஞ்சா ஒரு தடவ போயிட்டு வாங்க. மேடைல பேசுறவங்களவிட வெளிய மேசை போட்டு புக்கு விக்கிறவங்ககிட்ட நிறைய விஷயம் தெரியும்.

பத்து கேவ்ஸ் வாசகர்: 'பேய்ச்சி' நாவல தடை பண்ணிட்டாங்களே, அத எங்கயாவது வாங்கிப் படிக்கலாமா? சும்மா ஆர்வம்தான்.

ஆர்வம் புரியுது அண்ணே, ஆனா வேணாம். ம. நவீன் எழுதுன அந்த நாவல் 2019-ல வந்துச்சு, 2020 கடைசில உள்துறை அமைச்சு தடை பண்ணிடுச்சு, 1984 அச்சகச் சட்டத்துக்குக் கீழ. அந்தச் சட்டத்துல விக்கிறதும் அடிக்கிறதும் மட்டும் குத்தமில்ல, நியாயமான காரணம் இல்லாம வீட்டுல வச்சிருக்கிறதும் குத்தம்தான். தடை சரியா தப்பான்னு கேட்டா, ஒரு நாவல படிக்கிறவன் முடிவு பண்ணட்டும்ங்கறதுதான் என் கட்சி. தடை வந்தப்ப சந்தோஷமா ஸ்வீட் குடுக்காத குறையா பேசுனதும் நம்மாளுங்கதான், பல பேரு அட்டையக் கூட பாத்ததில்ல.

அதே ஆளோட 'சிகண்டி' 2021-ல வந்துச்சு, சௌகிட் பக்கத்துக் கதை, அத வாங்கிப் படிங்க. மென்மையான வாசிப்பு இல்ல, சொல்லிட்டேன். அவங்க வல்லினம் பதிப்பகத்துல மத்தவங்க புக்கும் நிறைய போடுறாங்க. இன்னொரு ஆளு சுங்கை பட்டாணி சீ. முத்துசாமி, 'மண்புழுக்கள்' எழுதுனவரு, 2017-ல விஷ்ணுபுரம் விருது கோயம்புத்தூர்ல வச்சு குடுத்தாங்க. வெளியூர்க்காரன் மாலை போட்டப்புறம்தான் நம்ம ஊருல பாதி பேருக்கு அவரு பேரு தெரிஞ்சுச்சு.

கெப்போங் வாசகி: புக்கு வாங்க காசில்ல அக்கா. ஃப்ரீயா எதாவது?

மதுரைத் திட்டம்னு தேடுங்க, தொண்டு ஆளுங்க 1998-லேர்ந்து தமிழ் புக்க கணினில ஏத்துறாங்க. அதுல நம்ம பினாங்கு ரெ. கார்த்திகேசு ஐயாவோட நாவல் இருக்கு, அவரே குடுத்தது. 'அந்திம காலம்' படிங்க, நோய் வந்து சாவு கிட்ட வந்துடுச்சுன்னு தெரிஞ்ச ஒரு பெரியவரோட நாட்கள். அழ வைக்கணும்னே எழுதுன கதை இல்ல, அதனாலதான் அழுகை வருது. யுனிவர்சிட்டில பேராசிரியரா இருந்தவரு, நடை அவ்வளவு நிதானம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தோட பழைய பேப்பர் இணையத்தளத்துல தமிழ் முரசு பழைய இதழெல்லாம் படமா இருக்கு, அதுல வந்த மலாயா செய்தி, கதை எல்லாம் படிக்கலாம், கண்ணு மட்டும் வலிக்கும். நம்ம தமிழ் நேசன் 1924-ல ஆரம்பிச்சு 2019 தொடக்கத்துல மூடுனாங்க, அந்த ஞாயிறு பதிப்புல வந்த கதைங்க எவ்வளவோ புக்கா வரவே இல்ல.

நிபோங் திபால் வாசகர்: எங்கப்பா தோட்டத்துல தண்டலா, அதான் வேலையாளுங்கள மேய்க்கிறவரா, இருந்தவரு. சாகறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு பள்ளிக்கூட நோட்டுல அவரு கதைய எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. எழுத்துப்பிழை நிறைய, சில இடத்துல சாதி பேச்சு, சில ஆளுங்கள பேரு போட்டுத் திட்டியும் இருக்காரு. புக்கா போடலாமா, இல்ல வீட்டோட இருக்கட்டுமா?

போடுங்க ஐயா. ஆனா அவசரப்படாம போடுங்க.

முதல் வேலை, நோட்ட நல்ல வெளிச்சத்துல பக்கம் பக்கமா போட்டோ புடிங்க, வெத்துப் பக்கத்தையும், ஓரத்துல கூட்டல் கணக்கு போட்ட பக்கத்தையும் விடாதீங்க. ஒரு காப்பி உங்ககிட்ட, ஒரு காப்பி வெளியூர்ல இருக்கிற தங்கச்சிகிட்ட. நம்ம ஊரு ஈரத்துக்கும் கரையானுக்கும் நோட்டு என்னிக்கு வேணும்னாலும் போயிரும்.

அப்புறம் டைப் பண்றப்ப அவரு எழுதுன மாதிரியே பண்ணுங்க. பிழைய திருத்தலாம், பேச்ச திருத்தாதீங்க. அவரு 'ஒட்டுப்பால்', 'மங்கு', 'பெரட்டு'ன்னு எழுதியிருந்தா அப்படியே இருக்கட்டும், தமிழ் வாத்தியாருகிட்ட குடுத்தா அத எல்லாம் சுத்தத் தமிழாக்கி உங்கப்பாவையே வெளிய தள்ளிடுவாரு. சாதி பேச்ச வெட்டாதீங்க. தோட்டத்துல சாதி இல்லன்னு இன்னிக்கு மேடைல பேசுறவங்களுக்கு லயத்துல எந்த வீடு யாருக்குன்னு எப்படி பிரிச்சாங்கன்னு தெரியணும், அதுக்கு உங்கப்பா நோட்டு சாட்சி. திட்டு வாங்குன ஆளுங்க பேர மட்டும் மாத்திடுங்க, அவங்க பேரப்பிள்ளைங்க அதே ஊருலதான் இருப்பாங்க. மாத்தியிருக்கோம்னு முன்னுரைல ஒரு வரி சொல்லிடுங்க. தண்டலா இருந்தவருன்னா தொழிலாளி பக்கமும் இல்ல, துரை பக்கமும் இல்ல, நடுவுல நின்னவரு. அவங்க எழுதுன குறிப்பு ரொம்பக் கொஞ்சம். அவரு நல்லவராத்தான் தெரியணும்னு பாக்காதீங்க.

அச்சு விஷயம், ஐ.எஸ்.பி.என். நம்பர் தேசிய நூலகத்துல காசில்லாம குடுக்கறாங்க, விண்ணப்பம் போட்டா போதும். நூறு காப்பி அடிச்சா போதும், இப்பல்லாம் குறைச்ச காப்பி அடிக்கிற பிரஸ்ஸு நிறைய இருக்கு. அஞ்சு காப்பி தேசிய நூலகத்துக்கு, ஒன்னு மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு, ஒன்னு பினாங்கு நூலகத்துக்கு. மிச்சத்த சொந்தக்காரங்களுக்கு விலைக்கே குடுங்க, சும்மா குடுத்தா பிரிக்க மாட்டாங்க. வாழ்த்துரை யார்கிட்டயும் வாங்காதீங்க. அந்தப் பக்கத்துல அவரு நோட்டுப் பக்கம் ஒன்னு அப்படியே போட்டோவா போடுங்க.

டத்தோ கெராமாட் வாசகர்: சௌராஸ்தா மார்க்கெட் மாடில பழைய தமிழ் புக்கு கிடைக்குமாக்கா? விலை பேசலாமா?

கிடைக்கும், ஆனா கொஞ்சம்தான், இங்கிலீஷ் மலாய் சீன புக்குக்கு அடியில தேடணும். தமிழ்ப்பள்ளி நூலகத்து ரப்பர் ஸ்டாம்ப் அடிச்ச புக்கு சில நேரம் வரும், பள்ளிக்கூடத்துல கழிச்சுப் போட்டதுதான். அந்த ஸ்டாம்பப் பாத்தா எந்தத் தோட்டம்னு தெரியும், பாதி தோட்டம் இன்னிக்கு வீடமைப்புத் திட்டமாயிடுச்சு. விலை பேசலாம், ஆனா கைல எடுத்து ரெண்டு பக்கம் படிச்சு சிரிச்சதுக்கு அப்புறம் பேசாதீங்க, கடை தவுக்கே உங்க மூஞ்சியப் பாத்துத்தான் விலை சொல்வாரு.